அவள் வேகமாகப் போனாளா?



சென்ற திங்களில் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, படித்து முடித்த பின்னரும் மேசையை விட்டு அகலாமல் கிடந்தது. எழுதியவர் ஒரு தாய். ஊரும் பெயரும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். செய்தி இதுதான்.

அவருடைய மூத்த மகள் பதினோராம் வகுப்பில் பயில்கிறாள். பள்ளி வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். அரசு வழங்கிய மிதிவண்டியில்தான் போக்கும் வரவும். அண்மையில் அவ்வூரின் பெருஞ்சாலை ஓரமாக மிதிவண்டிகளுக்கென்றே தனிப்பாதை ஒன்று போடப்பட்டது. தாயும் தந்தையும் மகிழ்ந்தார்கள். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே பிள்ளை போகவேண்டியதில்லை என்பதே அவர்கள் மகிழ்ச்சி. ஆயின் மூன்றாம் வாரத்திலேயே, பெருஞ்சாலையில் ஒரு நாளும் விழாத அப்பெண் அந்தத் தனிப்பாதையில் விழுந்தாள். முன்கை எலும்பு முறிந்தது. பாதைக்குப் பொறுப்பானவர்களிடம் தந்தை சென்று முறையிட்டபோது, "பிள்ளையை மெதுவாகப் போகச் சொல்லுங்கள்" என்ற மறுமொழியே கிடைத்தது. தந்தையின் சினம் மகள்மீது திரும்பிற்று. இனி வண்டியைத் தொடக்கூடாது, ஆட்டோவில் போகட்டும், அதற்குப் பணமில்லையேல் மாலை நேர வகுப்பை நிறுத்திவிடட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

மடலின் இறுதி வரியில் அந்தத் தாய் வினவுகிறார்: "என் பிள்ளை உண்மையிலேயே வேகமாகத்தான் போனாளா? நீங்களாவது சொல்லுங்கள், ஐயா."

இக்கேள்விக்கு இருந்த இடத்திலிருந்தே விடை எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. எனவே ஒரு சனிக்கிழமை காலையில், ஓர் அளவு நாடாவையும் நண்பர் ஒருவரின் மிதிவண்டியையும் துணைக்கொண்டு அப்பாதையைக் காணச் சென்றோம்.

நாம் கண்டது இது. பாதையின் அகலம் 1.2 மீட்டர். அதிலேயே போகிறவரும் வருகிறவரும் செல்லவேண்டும். ஒரு மிதிவண்டியின் கைப்பிடி ஏறத்தாழ அறுபது முதல் எழுபது சென்டிமீட்டர் அகலம் கொண்டது. இரண்டு கைப்பிடிகளை அடுத்தடுத்து வைத்தாலே 1.2 மீட்டர் நிறைந்துவிடும். பாதையின் ஒருபுறம் மதில், மறுபுறம் உயர்ந்த விளிம்புக்கல். நூறடிக்கு ஒரு மின்கம்பம் பாதைக்குள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாதை கீழே இறங்கி மேலே ஏறுகிறது. சாக்கடை மூடியின் இடுக்குகள் சக்கரம் உருளும் திசையிலேயே நீளவாக்கில் அமைந்திருக்கின்றன. பேருந்து நிழற்குடை வரும் இடத்தில் பாதை செங்கோணமாக மடங்கி, நிழற்குடையின் பின்னே ஒளிந்து, மீண்டும் செங்கோணமாக வெளிவருகிறது. அந்த மடக்கில்தான் அப்பெண் எதிரே வந்த இன்னொரு மிதிவண்டியைக் கண்டு ஒதுங்கியிருக்கிறாள். ஒதுங்க இடமில்லை. சக்கரம் விளிம்புக்கல்லில் உரசியது, விழுந்தாள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். வேகம் என்றால் என்ன? எது வேகம், எது நிதானம்?

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நம் ஆலய வளாகத்திலிருந்து வெளியேறும் மிதிவண்டிகளைச் சற்று நோக்குங்கள். பால்கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு செல்லும் பெரியவர் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போவார். பேரப்பிள்ளையைக் கேரியரில் வைத்திருக்கும் பாட்டனாரும் அவ்வாறே. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குச் செல்லும் தொழிலாளரும் பதினைந்து கிலோமீட்டர் அளவில் செல்வர். கியர் வைத்த புதுவண்டி வாங்கிய இளைஞன், சமதளத்தில் இருபத்தைந்தைத் தொடுவான். மின்கலம் பொருத்திய மிதிவண்டிகளும் இந்நாளில் வந்துவிட்டன. அவை ஏறுவதற்கு மூச்சு வாங்காமலேயே அவ்வேகத்தில் போகும். இவர்கள் எல்லாரும் மிதிவண்டிக்காரர்களே, எல்லாருக்கும் பாதை ஒன்றே. அகவையும் உடல்வலிமையும் சுமையும் வேறாயிருப்பதுபோல் வேகமும் வேறாயிருக்கிறது.

மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்பது ஒரு வினாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். திடீரென ஏதேனும் எதிர்ப்பட்டால், அதனைக் கண்டு, உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் இரண்டு வினாடி ஆகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி எட்டு மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னும் நான்கு மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகப் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கோ இதே கணக்கில் இருபத்தாறு மீட்டர் தேவைப்படும். வேகம் கூடியது பத்தே கிலோமீட்டர்தான், நிற்கத் தேவையான தூரமோ இரட்டிப்பாகிவிட்டது! நல்ல பிரேக்கும் உலர்ந்த தரையும் இருந்தால்தான் இக்கணக்குச் செல்லும். மழை நாளில் இன்னும் கூடும். ஆகவே, பாதையில் செல்பவருக்கு முன்னே எத்தனை மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அழகு பற்றிய கேள்வியன்று, உயிர் பற்றிய கேள்வி.

வளைவும் அவ்வாறே. அந்த நிழற்குடை மடக்கைப்போல இரண்டு, மூன்று மீட்டர் ஆரத்தில் வெடுக்கெனத் திரும்பும் வளைவில், சாயாமல் சறுக்காமல் திரும்ப வேண்டுமானால் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில்தான் போகலாம். அது நடப்பவரின் வேகத்திற்குச் சற்றே மேலானது. "மெதுவாகப் போகவேண்டியதுதானே" என்று பொறுப்பாளர் சொன்னதன் பொருள் இதுதான் போலும்!

ஆனால் இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மிதிவண்டி ஓட்டக் கற்ற எவரும் இதனை அறிவர். வண்டி நிமிர்ந்து நிற்பது ஓட்டத்தினால். ஓட்டம் குறையக் குறைய அது தள்ளாடும். மிக மெதுவாகச் செல்பவர் நேர்க்கோட்டில் செல்லமாட்டார், கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பித்தான் தம்மை நிறுத்திக்கொள்வார். அதனால் அவருக்கு அகலம் குறைவாக அன்று, கூடுதலாகத் தேவைப்படும். மேட்டில் ஏறுபவர், சுமையோடு செல்பவர், முதியவர், புதிதாகக் கற்கும் சிறுவர் ஆகியோருக்குத்தான் அகன்ற பாதை மிக அவசியம். குறுகிய பாதையைப் போட்டுவிட்டு "மெதுவாகப் போ" என்பது, ஒற்றைப் பலகைப் பாலத்தைப் போட்டுவிட்டுக் "கண்ணை மூடிக்கொண்டு நட" என்பதை ஒக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மிதிவண்டிக்கு எரிபொருள் மனிதனின் கால்தான். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒருமுறை நின்று, மீண்டும் அதே வேகத்தை எட்டுவதற்குச் செலவிடும் வலிமையைக்கொண்டு, நிற்காமல் இருந்தால் அறுபது எழுபது மீட்டர் போய்விடலாம். ஒரு கிலோமீட்டர் பாதையில் எட்டு இடங்களில் இறங்கி ஏறவும் நின்று புறப்படவும் நேர்ந்தால், அந்தப் பாதை அவருடைய கால்களுக்கு ஒன்றரைக் கிலோமீட்டராகிவிடும். மோட்டார் வண்டிக்காரர் வலது காலை மெல்ல அழுத்தினால் போதும், வண்டி கிளம்பிவிடும். ஆதலால் நிறுத்தத்தின் விலை அவருக்குத் தெரிவதில்லை. பாதையை வரைகிறவர்களிற் பலர் அவ்வாறு பயணம் செய்கிறவர்களே என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இந்தத் தவறு நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று, இன்று நேற்றுத் தோன்றியதுமன்று. 1934ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிதிவண்டிக்காரர் ஏராளம். அப்போது போக்குவரத்து அமைச்சராயிருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் மாநகரின் மேற்கே, வெஸ்டர்ன் அவென்யூ என்னும் சாலையின் இருமருங்கிலும் மிதிவண்டிப் பாதையைத் திறந்துவைத்தார். நீளம் இரண்டரை மைல், அகலம் எட்டரை அடி. அகலத்தில் குறை சொல்வதற்கில்லை. அமைச்சர் நன்றியை எதிர்பார்த்தார். மிதிவண்டிக்காரர்களின் சங்கமோ கடுமையாக எதிர்த்தது!

ஏன் எதிர்த்தார்கள்? பாதை ஒவ்வொரு கிளைச் சாலையிலும் அறுபட்டது. சாலையில் செல்லும் மோட்டார் வண்டி தடையின்றிப் போக, அதற்குப் பக்கத்திலேயே செல்லும் மிதிவண்டிக்காரர் மட்டும் கிளைச் சாலைதோறும் வேகம் தணித்து வழிவிடவேண்டியிருந்தது. பாதை, மிதிவண்டிக்காரரைக் காப்பதற்கா, அன்றி மோட்டார் வண்டிகள் தடையின்றி விரைவதற்காக அவரைச் சாலையிலிருந்து அகற்றுவதற்கா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்தது. இன்று பாதையைக் கொடுத்து, நாளை சாலையில் செல்லும் உரிமையைப் பறித்துவிடுவார்களோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் முழுவதும் சரி என்று நாம் சொல்லவில்லை. நல்ல பாதையைக் கேட்டுப் பெற்றிருக்கலாமே என்று இன்று திரும்பிப் பார்ப்போர் கூறுவதிலும் பொருள் உண்டு. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. பயன்படுத்துகிறவனுடைய வேகத்தையும் உழைப்பையும் மதியாமல் போடப்படும் பாதையை, அவனே வேண்டாம் என்பான்.

இதற்கு நேர்மாறான வரலாற்றை ஹாலந்து நாட்டில் காண்கிறோம். இன்று அந்நாட்டில் மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை அதிகம். "அது சமவெளி நாடு, அவர்கள் பழக்கம் அப்படி" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அஃது அரை உண்மையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் மோட்டார் வண்டிகள் பெருகின, தெருக்கள் அவற்றுக்காக அகலப்படுத்தப்பட்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியின் தந்தை விக் லாங்கன்ஹாஃப் என்னும் பத்திரிகையாளர். பள்ளிக்குச் செல்லும் வழியில் மகளை இழந்த அவர், 1972இல் டே தெய்த் என்ற நாளேட்டில் தம் துயரையும் சினத்தையும் ஒருங்கே வடித்து எழுதினார். டே தெய்த், கத்தோலிக்கரின் நாளேடாகத் தொடங்கி வளர்ந்த ஏடு என்பது நம் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்பதையே பெயராகக் கொண்ட இயக்கம் பிறந்தது. பெற்றோர் குழந்தைகளோடு தெருவில் இறங்கினர்.

அவர்கள் "குழந்தைகளே, மெதுவாகப் போங்கள்" என்று சொல்லவில்லை. "தெருவைத் திருத்துங்கள்" என்று ஆட்சியாளரிடம் சொன்னார்கள். வேறுபாடு அதுதான்.

1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அவ்வாண்டு நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடக்கூடாதென்று அந்நாட்டு அரசு ஆணையிட்டது. அகன்ற பெருஞ்சாலைகளில் குழந்தைகள் மிதிவண்டி ஓட்டினார்கள். பெற்றோருடைய கிளர்ச்சியும் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து அரசை அசைத்தன. 1970களின் நடுவில் தில்பர்க் நகரிலும் ஹேக் நகரிலும் அரசின் பொருளுதவியோடு சிறந்த மிதிவண்டிப் பாதை ஒவ்வொன்று சோதனையாக அமைக்கப்பட்டது. பாதைகள் அழகாயிருந்தன, மக்களும் அவற்றில் திரண்டு சென்றனர். ஆயினும் ஆராய்ந்தபோது, அவர்களிற் பெரும்பாலோர் பக்கத்துத் தெருக்களிலிருந்து இப்பாதைக்கு மாறியவர்களே என்பது புலனாயிற்று. புதிதாக வண்டியெடுத்தவர் சிலரே. பாதை தொடங்கும் இடம்வரையும், முடியும் இடத்திற்குப் பின்னும் பழைய ஆபத்து அப்படியே இருக்க, நடுவில் மட்டும் நன்றாயிருந்து பயன் என்ன? இப்பாடத்தைக் கற்றபின் 1980களில் டெல்ஃப்ட் நகரில், வீட்டு வாசலிலிருந்து பள்ளி, சந்தை, தொழிற்சாலைவரை ஒன்றோடொன்று இணைந்த வலையாகவே பாதைகளை அமைத்தனர்.

இன்று அந்நாட்டுப் பொறியாளர்கள் ஐந்து இலக்கணங்களைச் சொல்கிறார்கள்: பாதை அறுபடாமல் தொடரவேண்டும், சுற்றிவளைக்காமல் நேராகச் செல்லவேண்டும், ஆபத்தின்றி இருக்கவேண்டும், உடலுக்கு வருத்தம் தரலாகாது, செல்வதற்கு மனம் விரும்பவேண்டும். இவ்வைந்தையும் கொண்டு நாம் கண்ட பாதையை அளந்துபாருங்கள். ஐந்தில் ஒன்றேனும் தேறுமா?

அங்கும் எல்லாம் செம்மையாகிவிட்டது என்று கூறுவதற்கில்லை. வேகம் அவர்களையும் விடவில்லை. சிறு மோட்டார் பொருத்திய வண்டிகள் நெடுங்காலம் மிதிவண்டிப் பாதைகளிலேயே ஓடின. அவற்றின் வேகமும் மிதிப்பவரின் வேகமும் ஒவ்வாமையால் 1999 டிசம்பரில், ஊர்களுக்குள் அவற்றுள் வேகமானவற்றைப் பொதுச் சாலைக்கு மாற்றினார்கள். எஞ்சியிருந்த மெதுவான வகையையும் 2019 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மாநகரம் தன் உட்பகுதிப் பாதைகள் பெரும்பாலானவற்றிலிருந்து விலக்கிற்று. மிதிப்போருக்குத் துணைசெய்யும் மின் மிதிவண்டிகளின் மோட்டாரோ, ஐரோப்பிய விதிப்படி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரை எட்டியதும் தன் துணையை நிறுத்திக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் ஏன் கூறுகிறோம்? வேகங்கள் வேறுபடும்போது, முதியவரைக் கடிந்துகொள்வதும் இளைஞனைத் திட்டுவதும் தீர்வாகாது. எந்த வேகத்திற்கு எந்த இடம் என்று சிந்தித்து, இடத்தைத் திருத்துவதே தீர்வு என்பதற்காகத்தான்.

"ஹாலந்து பணக்கார நாடு, நமக்கு அதெல்லாம் முடியுமா?" என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டிலேயே, இந்தியச் சாலைப் பேரவை 1962ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பாதைகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஹாலந்து நாட்டுப் பெற்றோர் தெருவில் இறங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே! அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? பாதையின் அகலம் இரண்டு மீட்டருக்குக் குறையலாகாது. ஒருவரையொருவர் முந்திச் செல்ல இடம் வேண்டுமாயின் மூன்று மீட்டர் இருத்தல் வேண்டும். வளைவின் ஆரம் இயன்றவரை பத்து மீட்டருக்குக் குறையலாகாது. செல்பவர் கண்ணுக்கு முன்னே இருபத்தைந்து மீட்டர் தெளிவாகத் தெரியவேண்டும், செங்குத்தான சரிவுகளில் அறுபது மீட்டர் தெரியவேண்டும். வேலி, பள்ளம், மரவேர் முதலியவற்றுக்கும் பாதைக்கும் இடையே அரை மீட்டர் விலகல் இருத்தல் நலம். மேலே நாம் காகிதத்தில் போட்ட கணக்கு இருபத்தாறு மீட்டர் என்று வந்ததை நினைவுகூருங்கள். அன்றைய பொறியாளர் சும்மா எழுதிவைக்கவில்லை.

ஆகவே நமக்குக் குறைவாயிருப்பது அறிவு அன்று. அறிவு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நூலில் இருக்கிறது. எழுதிய நூலுக்கும் போட்ட பாதைக்கும் நடுவே, அந்தப் பாதையில் ஒருமுறையாவது மிதித்துப் பார்த்த ஒரு மனிதர் இல்லாததே குறை.

தமிழகத்தைப் பொறுத்தவரை இக்குறை சிறியதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வண்டியேறினர். தண்ணீருக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பேருந்தை நம்பிக் காத்திராமல், கணவனையோ தமையனையோ எதிர்பாராமல் அவர்கள் போய்வந்தனர். பின்னர் அரசு, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பத்தாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய எத்தனை பெண்பிள்ளைகளை அந்த இரு சக்கரங்கள் அடுத்த ஊர்ப் பள்ளிக்கு இழுத்துச் சென்றிருக்கின்றன என்பதை நம் பங்குகளிலுள்ள அருட்சகோதரியரைக் கேட்டால் சொல்வார்கள். வண்டியைக் கொடுத்தோம், நன்று. வண்டி ஓட வழி கொடுத்தோமா?

ஒரு பாதை பிழையாயிருந்தால் என்ன நேரும் என்பதை அந்தத் தாயின் மடல் காட்டிவிட்டது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். ஆனால் தந்தையின் ஒரு சொல்லால் நின்றுபோன மாலை வகுப்பும், தானாகப் போய்வருகிறோம் என்ற அந்தப் பெண்ணின் நிமிர்வும் எத்தனை வாரத்தில் கூடும்? பாதையின் பிழை, பிள்ளையின் பிழையாக எழுதப்பட்டுவிடுகிறது. பையன் விழுந்தால் "பார்த்துப் போடா" என்பதோடு முடிகிறது, பெண் விழுந்தால் வண்டியே பறிபோகிறது.

இவ்விடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. திருவிழா நாட்களில் நம் ஆலயங்களுக்கு வரும் கார்களையும் வேன்களையும் எங்கே நிறுத்துகிறோம்? சாலையோரத்தில், நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் செல்லும் அந்த ஓரத்தில்தானே! கொடியேற்றத்திற்குப் போடும் வளைவின் கால்களை எங்கே ஊன்றுகிறோம்? வீட்டுக்கு முன் சாய்தளம் கட்டும்போது எத்தனை அடி வெளியே நீட்டுகிறோம்? நாம் கண்ட பாதையில் ஏற்ற இறக்கங்களை உண்டாக்கியவர்கள் பொறியாளர் மட்டும் அல்லர், வீட்டுக்காரர்களும்தான். பிறர் பிள்ளை செல்லும் வழியில் நம் வாசற்படியை வைத்துவிட்டு, அரசை மட்டும் குறைகூறுவது முறையாகாது.

இனி, செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, உங்கள் ஊரில் மிதிவண்டிப் பாதை இருந்தாலும் சரி, புதிதாக வரவிருந்தாலும் சரி, பங்குப் பேரவையினரோ இளைஞர் இயக்கத்தினரோ ஒரு நாள் காலையில் அளவு நாடாவோடு அதில் சென்று வாருங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரையும், மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனுக் கொடுக்கும்போது "பாதை சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். இன்ன இடத்தில் அகலம் இவ்வளவு, இருக்கவேண்டியது இரண்டு மீட்டர். இன்ன வளைவில் முன்னே தெரிவது இத்தனை மீட்டர், தெரியவேண்டியது இருபத்தைந்து. இவ்வாறு எண்ணோடு எழுதுங்கள். புலம்பலை ஒதுக்கித் தள்ளலாம், எண்ணை ஒதுக்குதல் கடினம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் இடித்துக் கட்டவேண்டியதில்லை. சாக்கடை மூடியைக் குறுக்குவாக்கில் திருப்பிவைக்க அதிகச் செலவாகாது. கம்பத்தை நகர்த்த இயலாதாயினும் அதற்கு வெள்ளை பூசலாம். அகலம் அறவே போதாத இடத்தில், பாதை என்ற பெயரை எடுத்துவிட்டு, சாலையில் செல்லும் மோட்டார் வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதே நேர்மையான வழி. கெட்ட பாதையைவிட, நிதானமான சாலை மேலானது.

நான்காவது, மிதிவண்டி ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு சொல். இக்கட்டுரை வேகத்திற்குப் பரிந்து பேச எழுதப்பட்டதன்று. முந்தும்போது மணியடியுங்கள். தள்ளாடிச் செல்லும் பெரியவரை விரட்டாதீர்கள், அவர் தள்ளாட்டம் அகவையின் குற்றமன்று, மெதுவாய்ச் செல்லும் சக்கரத்தின் இயல்பு. இரவில் விளக்கின்றிச் செல்லாதீர்கள். பாதை நன்றாக அமைந்துவிட்டாலும், அதில் மற்றவரோடு சேர்ந்து செல்லும் பண்பை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

நிறைவாக, மடல் எழுதிய தாய்க்கு:

அம்மா, தாங்கள் கேட்ட கேள்விக்கு எம் விடை இதோ. அந்த மடக்கை, தங்கள் மகள் அன்று சென்றிருக்கக்கூடிய வேகத்தில் நாமும் கடந்து பார்த்தோம். முதல் முறை காலை ஊன்றினோம். இரண்டாம் முறை மதிலில் தோளை உரசிக்கொண்டோம். மூன்றாம் முறை இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். தங்கள் மகள் வேகமாகப் போகவில்லை. பள்ளிக்குச் செல்லும் எந்தப் பிள்ளையும் போகும் வேகத்தில்தான் போனாள். அந்த வேகத்தை எதிர்பார்த்துப் பாதை போட்டிருக்க வேண்டியது பெரியவர்களின் கடமை. அதில் நாங்கள் தவறினோம்.

இந்தப் பக்கத்தை மடித்துத் தங்கள் கணவரிடம் கொடுங்கள். அவர் அன்பினால் அஞ்சுகிறார், அதனை நாம் அறிவோம். பாதைக்குப் பொறுப்பானவர்களிடம் அவர் மீண்டும் ஒருமுறை போகட்டும். இம்முறை தனியாகப் போகவேண்டாம், பங்கிலுள்ள மற்றப் பெற்றோரும் உடன் செல்லட்டும். அளந்து வந்த எண்களை அந்த மேசைமேல் வைக்கட்டும். மகளின் கை ஆறியதும் வண்டிச் சாவியை அவளிடமே கொடுக்கச் சொல்லுங்கள். திருத்தவேண்டியது பாதையை, பிள்ளையின் பயணத்தை அன்று.